சேவைச் சங்கங்களும் சமுதாய வளர்ச்சியும்: ரோட்டரி இயக்கம் தரும் பாடங்கள்

நாட்டின் வளர்ச்சிப் பணிகளில் அரசின் பங்கு முதன்மையானது. ஆயினும் மக்களின் மனமுவந்த ஒத்துழைப்பு இல்லாமல் எந்தத் திட்டமும் முழுப் பயனைத் தருவதில்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே இந்த உண்மை உணரப்பட்டு வந்துள்ளது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டது. அரசும் தொண்டு அமைப்புகளும் கைகோத்துச் செயல்பட வேண்டும் என்ற எண்ணமே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

தொண்டு அமைப்புகள் பல வகைப்பட்டவை. சமய நிறுவனங்களைச் சார்ந்தவை சில. தலைவர் ஒருவரின் இலட்சியத்தால் உருவானவை சில. தொழிலாளர், மகளிர், உழவர் ஆகியோர் தமக்காகவே அமைத்துக்கொண்டவை சில. இவற்றிலிருந்து வேறுபட்ட மற்றொரு வகை உண்டு. தொழில் துறையினர், வணிகர், மருத்துவர், வழக்குரைஞர், பொறியாளர் போன்றோர் தம் ஓய்வு நேரத்தையும் பணத்தையும் பொது நலனுக்குச் செலவிடும் பொருட்டு ஒன்றுகூடும் சேவைச் சங்கங்களே அவை. ரோட்டரி, லயன்ஸ் ஆகிய பெயர்கள் இன்று இந்தியாவின் சிறு நகரங்களிலும் அறியப்பட்டவை. தமிழில் சுழற்சங்கம், அரிமா சங்கம் என்றும் இவை வழங்கப்படுகின்றன.

பேருந்து நிலையத்தின் குடிநீர்த் தொட்டியிலும் பள்ளிக்கூடத்தின் சுற்றுச் சுவரிலும் இச்சங்கங்களின் பெயர்ப் பலகையைக் காண்பவர் பலர். ஆனால் இவை எவ்வாறு தோன்றின, பணத்தை எவ்வாறு திரட்டுகின்றன, தலைவர்களை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை அறிந்தோர் சிலரே. இவ்வகைச் சங்கங்களுள் மூத்ததான ரோட்டரியின் வரலாற்றைக் கொண்டு இவற்றை ஆராய்வது, வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோருக்குப் பயன் தரும்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகரம் மிக வேகமாக வளர்ந்து வந்தது. பிழைப்பு நாடி அங்குக் குடியேறியவர்கள் பலர். ஊரில் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தவர்கள், பெருநகரில் தனித்து விடப்பட்டனர். வணிகத்தில் கடும் போட்டியும் நேர்மைக் குறைவும் மலிந்திருந்தன. அந்நகரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்திய பால் ஹாரிஸ், வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்தவர்கள் நண்பர்களாகக் கூடும் சங்கம் ஒன்றை அமைக்க எண்ணினார். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் சுரங்கப் பொறியாளர் ஒருவர், நிலக்கரி வணிகர் ஒருவர், தையற்கலைஞர் ஒருவர் ஆகிய மூவருடன் அவர் கூடிப் பேசினார். அதுவே முதற் கூட்டம். உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழற்சியாகக் கூட்டங்கள் நடைபெற்றமையால் ‘ரோட்டரி’ என்ற பெயர் ஏற்பட்டது.

தொடக்கத்தில் உறுப்பினரின் நட்பும் தொழில் வளர்ச்சியுமே நோக்கங்களாக இருந்தன. தம்முள் மட்டும் நன்மை செய்துகொள்ளும் சங்கம் நீடித்து நிற்காது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறை அமைப்பதற்காக 1907-இல் மேற்கொண்ட முயற்சியே இச்சங்கத்தின் முதற் பொதுப்பணியாகக் கருதப்படுகிறது. துப்புரவு வசதி போன்ற எளிய தேவையிலிருந்து தொண்டு தொடங்கியது என்பது கருதத்தக்கது.

1908-இல் சான்பிரான்சிஸ்கோவில் இரண்டாவது சங்கம் தோன்றியது. 1910-இல் சிகாகோவில் முதல் மாநாடு கூடியபோது சங்கங்களின் எண்ணிக்கை 16. அதன்பின் கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்கு இயக்கம் பரவியது. 1922-இல் ‘ரோட்டரி இன்டர்நேஷனல்’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. தன்னலத்திற்கு மேலாகத் தொண்டினை வைக்க வேண்டும் என்பது இயக்கத்தின் குறிக்கோள் வாசகமாயிற்று.

ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்பது தொடக்க கால விதி. எந்த ஒரு தொழிலாரும் சங்கத்தைத் தம் வசமாக்கிக் கொள்ளக் கூடாது என்பதே இதன் நோக்கம். பின்னாளில் இவ்விதி தளர்த்தப்பட்டது. எனினும், ஊரின் பல தொழில்களும் சங்கத்தில் இடம்பெற வேண்டும் என்ற கருத்து மாறவில்லை. கட்டடம் எழுப்பும்போது பொறியாளரும், கணக்கைச் சரிபார்க்கத் தணிக்கையாளரும், மருத்துவ முகாமுக்கு மருத்துவரும் சங்கத்திற்குள்ளேயே கிடைப்பது இதன் நடைமுறைப் பயனாகும்.

இந்தியாவில் ரோட்டரி

இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919-இல் கல்கத்தாவில் அமைந்தது. 1920 ஜனவரி 1-ஆம் நாள் அதற்குப் பட்டயம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வணிகரும் அதிகாரிகளுமே. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சன் 1928 முதல் 1931 வரை கீழை நாடுகளில் பயணம் செய்து பல சங்கங்களை நிறுவினார். பம்பாய், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களில் 1929-இல் சங்கங்கள் தோன்றின.

இந்தியர்கள் படிப்படியாக இவற்றில் இடம்பெற்றனர். 1926-இல் கல்கத்தா சங்கத்தில் சேர்ந்த நிதீஷ் சந்திர லாஹரி, 1962-63-இல் ரோட்டரி இன்டர்நேஷனலின் தலைவரானார். அப்பதவியை வகித்த முதல் ஆசியர் அவரே. அவருக்குப்பின் ராஜேந்திர சாபூ 1991-92-இலும், கல்யாண் பானர்ஜி 2011-12-இலும், சேகர் மேத்தா 2021-22-இலும் அப்பொறுப்பை ஏற்றனர். உலகெங்கும் பத்து லட்சத்திற்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அமைப்புக்கு நான்கு இந்தியர்கள் தலைமை தாங்கியிருப்பது, இவ்வியக்கம் இந்நாட்டில் வேரூன்றியதற்குச் சான்றாகும்.

கண் சிகிச்சை முகாம்கள், இரத்த வங்கிகள், செயற்கைக் கால் வழங்குதல், பள்ளிகளுக்கு வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றின்போது நிவாரணம் ஆகிய பணிகளை இந்தியச் சங்கங்கள் செய்து வருகின்றன. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்து எழும் வினா.

கொடையும் அதன் முறையும்

சேவைச் சங்கத்தின் வருவாய் இரு வகைப்படும். உறுப்பினர் செலுத்தும் சந்தா ஒன்று. இது சங்கத்தின் நிர்வாகத்திற்குப் பயன்படுவது. மற்றொன்று தொண்டுக்கென வழங்கப்படும் கொடை. முறையாக நடைபெறும் சங்கங்களில் இவ்விரண்டும் தனித்தனிக் கணக்குகளில் வைக்கப்படுகின்றன. தொண்டுக்காக மக்களிடம் பெற்ற பணத்தை விருந்துக்கும் விழாவுக்கும் செலவிடலாகாது என்பதே இதன் அடிப்படை.

உள்ளூர்த் தேவைகளுக்கு உள்ளூரிலேயே பணம் திரட்டுவது பழைய முறை. உலக அளவில் நிலையான நிதி ஒன்று வேண்டும் என்ற கருத்தை 1917-இல் அட்லாண்டா மாநாட்டில் முன்வைத்தவர், அப்போது தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ப். அந்நிதிக்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அதனை வழங்கியது கான்சாஸ் சிட்டி சங்கம். 1928-இல் ‘ரோட்டரி அறக்கட்டளை’ என்று பெயர் சூட்டப்பட்டபோதும் நிதி சில ஆயிரம் டாலர் அளவிலேயே இருந்தது. 1930-இல் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான அமைப்பு ஒன்றுக்கு 500 டாலர் வழங்கியதே இதன் முதல் உதவி.

1947 ஜனவரியில் பால் ஹாரிஸ் மறைந்தார். அவர் நினைவாக உறுப்பினர்கள் வழங்கிய நன்கொடை பதினெட்டே மாதங்களில் 13 லட்சம் டாலரை எட்டியது. அந்த ஆண்டிலேயே 18 மாணவர்களுக்கு வெளிநாட்டில் உயர்கல்வி பயில உதவித்தொகை வழங்கப்பட்டது. 1957 முதல், ஆயிரம் டாலர் வழங்கியவருக்கோ, அவர் சுட்டும் வேறொருவருக்கோ ‘பால் ஹாரிஸ் ஃபெலோ’ என்ற சிறப்பு அளிக்கப்படுகிறது.

இக்கொடை செலவிடப்படும் முறை கவனிக்கத்தக்கது. ஆண்டு நிதிக்கு வரும் நன்கொடை உடனே செலவிடப்படுவதில்லை. மூன்று ஆண்டுகள் அது முதலீடு செய்யப்படுகிறது. அதன் வருவாய் நிர்வாகச் செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறது. மூன்றாண்டுக்குப்பின் ஏறத்தாழப் பாதித் தொகை, அதனை வழங்கிய மாவட்டத்தின் முடிவுக்கே விடப்படுகிறது. எஞ்சியது உலக நிதியில் சேருகிறது. ரோட்டரியில் மாவட்டம் என்பது வருவாய் மாவட்டம் அன்று. பல சங்கங்களை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு ஆகும்.

2013 முதல் உதவித் தொகைகள் இரு பெரும் பிரிவுகளாக வழங்கப்படுகின்றன. சிறிய, குறுகிய காலப் பணிகளுக்கு மாவட்ட உதவி. குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள பெரிய பணிகளுக்கு உலக உதவி. பின்னதைப் பெற வேண்டுமானால் பணி நடைபெறும் நாட்டின் சங்கம் ஒன்றும், வேறொரு நாட்டின் சங்கம் ஒன்றும் இணைந்து விண்ணப்பிக்க வேண்டும். அமைதி, நோய்த் தடுப்பு, குடிநீரும் துப்புரவும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, சமுதாயப் பொருளாதார மேம்பாடு, சுற்றுச்சூழல் ஆகிய ஏழு துறைகளுள் ஒன்றில் பணி அடங்க வேண்டும். சுற்றுச்சூழல் இப்பட்டியலில் 2021-இல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றினும் முக்கியமானது, விண்ணப்பத்திற்கு முன் மக்களின் தேவையை நேரில் ஆய்ந்தறிய வேண்டும் என்ற நிபந்தனை. பணி முடிந்து சங்கம் விலகிய பின்னர் அதனை யார் நடத்துவர், பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பர் என்பதையும் விண்ணப்பத்திலேயே கூற வேண்டும். கைப்பம்பு பொருத்துவது எளிது. ஐந்தாண்டுக்குப் பின்னும் அதிலிருந்து தண்ணீர் வருமாறு செய்வதே கடினம். இக்கேள்விக்கு விடை காணாமல் செலவிடப்பட்ட பணம் பல ஊர்களில் துருப்பிடித்து நிற்பதைக் கண்ட அனுபவமே இந்நிபந்தனைக்குக் காரணம் எனலாம்.

இந்தியாவில் வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்புகள் 2010-ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்திற்கு உட்பட்டவை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதியின் பயனாக, சேவைச் சங்கங்கள் நிறுவனங்களுடன் இணைந்து பணியாற்றும் வாய்ப்பும் பெருகியது. பணம் பெருகும்போது கணக்கின் பொறுப்பும் பெருகுகிறது.

இளம்பிள்ளை வாத ஒழிப்பு: ஒரு சோதனை

சேவைச் சங்கம் ஒன்று வளர்ச்சிப் பணியில் எதனைச் சாதிக்க இயலும், எதனைச் சாதிக்க இயலாது என்பதற்கு இளம்பிள்ளை வாத ஒழிப்பு இயக்கம் சிறந்த எடுத்துக்காட்டு. போலியோ எனப்படும் இந்நோயை ஒருவகை வைரஸ் உண்டாக்குகிறது. மலக்கழிவால் மாசுற்ற நீர், உணவு, கைகள் ஆகியவற்றின் வழியாக இது பரவுகிறது. தொற்று ஏற்பட்ட ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு குழந்தைக்குப் பின்னால் தொற்றுக்கு ஆளானோர் நூற்றுக்கணக்கில் மறைந்திருப்பர். ஆகவே ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு மட்டும் மருந்து கொடுத்து இந்நோயை ஒழிக்க இயலாது.

1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் திட்டத்தை அந்நாட்டு அரசுடன் சேர்ந்து ரோட்டரி தொடங்கியது. 1980-களின் முற்பகுதியில் தமிழகத்தின் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரி வல்லுநர்களும் ரோட்டரி சங்கத்தினரும் இணைந்து, குறித்த நாள்களில் நகரக் குழந்தைகள் அனைவருக்கும் மருந்து கொடுக்கும் முறையை மேற்கொண்டனர். பின்னாளில் நாடு முழுவதும் கடைப்பிடிக்கப்பட்ட முறைக்கு இது ஒரு முன்னோடி.

1985-இல் ‘போலியோ பிளஸ்’ திட்டத்தை ரோட்டரி அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. 1988-இல் திரண்டதோ 24 கோடியே 70 லட்சம் டாலர். அந்த ஆண்டிலேயே உலக சுகாதாரப் பேரவை இந்நோயை உலகிலிருந்து ஒழிக்கத் தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெப், அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், ரோட்டரி ஆகியவை இணைந்து செயல்பட்டன. அப்போது 125 நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3,50,000 பேர் இந்நோயால் பாதிக்கப்பட்டு வந்தனர்.

இந்தியாவில் 1995 டிசம்பரில் நாடு தழுவிய ‘பல்ஸ் போலியோ’ இயக்கம் தொடங்கியது. முதலில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், அடுத்த ஆண்டு முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மருந்து வழங்கப்பட்டது. தேசிய முகாம் ஒன்றில் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகளை எட்ட வேண்டியிருந்தது. இதற்கு இருபது லட்சத்திற்கும் அதிகமான பணியாளர்கள் தேவைப்பட்டனர். மருந்தைக் குளிர்நிலையில் கொண்டு சேர்ப்பதும், மருந்து பெற்ற குழந்தையின் விரலில் மையிடுவதும், பின்னர் வீடு வீடாகச் சென்று விடுபட்டோரைத் தேடுவதும் பணியின் பகுதிகள். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும், யாரேனும் விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் குறிக்கப்பட்டன. மீண்டும் செல்ல வேண்டியது ‘எக்ஸ்’ வீடுகளுக்கே.

அந்த வீடுகளில்தான் இயக்கத்தின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருந்தன. மேற்கு உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில், மருந்தினால் மலட்டுத்தன்மை ஏற்படும் என்ற வதந்தி பரவியிருந்தது. வேறு நோய்க்கு மருத்துவர் வராத ஊருக்கு இந்த ஒரு மருந்து மட்டும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று மக்கள் ஐயுற்றனர். அவர்களது ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது; சாலை, சாக்கடை, மருத்துவமனை ஆகிய எதுவும் கிடைக்காதவர்களின் நியாயமான கேள்வியும் அதில் கலந்திருந்தது. இந்நிலையில் ரோட்டரி சங்கத்தினர் உலமாக்கள் அடங்கிய குழு ஒன்றை அமைத்தனர். மக்கள் நம்பும் சமயப் பெரியோர் தாமே முன்வந்து மருந்தின் பயனை எடுத்துரைத்தனர். அதிகாரியின் ஆணை நுழைய இயலாத வாசலில் அறிந்தவரின் சொல் நுழைந்தது.

பீகாரில் கோசி ஆற்றுப் படுகையின் ஊர்கள் வேறு வகையான இடர்ப்பாட்டைத் தந்தன. வெள்ளத்தால் துண்டிக்கப்பட்ட அவ்வூர்களுக்குப் பணியாளர்கள் படகிலும் நடந்தும் சென்றனர். ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளுக்காக இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும் குழுக்கள் நிறுத்தப்பட்டன.

2009-இல் உலகில் பதிவான சுமார் 1,600 பாதிப்புகளில் 741 இந்தியாவைச் சேர்ந்தவை. இந்தியாவில் இந்நோயை ஒழிக்க இயலாது என்று கருதியோரும் இருந்தனர். 2010-இல் இவ்வெண்ணிக்கை 42 ஆகக் குறைந்தது. மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் 2011 ஜனவரி 13-ஆம் நாள் பாதிக்கப்பட்ட குழந்தையே, இயற்கையான போலியோ வைரசுக்கு இந்நாட்டில் இலக்கான கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27-ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் மட்டுமே இந்த வைரஸ் இன்னும் வேரூன்றியிருக்கும் நாடுகள்.

இவ்வெற்றியில் யாருடைய பங்கு எவ்வளவு என்பதைச் சரியாக அறிய வேண்டும். செலவின் பெரும்பகுதியை இந்திய அரசே ஏற்றது. மருந்தை வீடுகளுக்குக் கொண்டு சென்றவர்கள் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரும் சுகாதாரப் பணியாளரும் ஊர்த் தொண்டர்களுமே. உலகளவில் இருநூறு கோடி டாலருக்கு மேல் வழங்கியுள்ள ரோட்டரி, அரசுக்கு மாற்றாக நிற்கவில்லை. தொடக்கத்தில் முதலீடு செய்தது. ஆர்வம் தளர்ந்தபோது அதனை நினைவூட்டியது. முகாமுக்குத் தேவையான உள்ளூர் ஏற்பாடுகளைச் செய்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் நம்பிக்கையை வளர்த்தது. சேவைச் சங்கத்தின் உரிய இடம் இதுவே.

தலைமைப் பயிற்சி

ரோட்டரியில் எல்லாப் பதவிகளும் பெரும்பாலும் ஓராண்டுக்கே. ஜூலை 1-ஆம் நாள் புதிய பொறுப்பாளர்கள் பதவியேற்கின்றனர். அடுத்த ஜூன் 30-ஆம் நாள் விலகுகின்றனர். ஆண்டுதோறும் பல்லாயிரம் சங்கங்களுக்குப் புதிய தலைவர்கள் வருவதால், பயிற்சி இன்றியமையாததாகிறது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பதவியேற்கும் முன்னர் அதற்கென நடத்தப்படும் பயிற்சிக் கருத்தரங்கில் கலந்துகொள்ள வேண்டும். செயலர், பொருளாளர் ஆகியோருக்கும் பயிற்சி உண்டு. மாவட்ட ஆளுநரோ பதவியேற்பதற்கு இரண்டாண்டுக்கு முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டு விடுகிறார். முன்னர் ஒரு சங்கத்தின் தலைவராகப் பணியாற்றியவரே அப்பதவிக்கு உரியவர். உலகின் அனைத்து ஆளுநர்களும் பதவியேற்கும் முன் ஓரிடத்தில் கூடிப் பயிற்சி பெறுகின்றனர்.

இளைஞர்க்கான பயிற்சியே இதனினும் பரந்த பயன் உடையது. 12 முதல் 18 வயது வரையுள்ளோருக்கான ‘இன்டராக்ட்’ சங்கம், லாஹரி தலைவராக இருந்த 1962-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பள்ளி ஒன்றில் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து விரைவிலேயே நம் தஞ்சாவூரில் ஓர் இன்டராக்ட் சங்கம் அமைந்தது. ஒவ்வோர் இன்டராக்ட் சங்கமும் ஆண்டுக்கு இரண்டு பணிகளையேனும் செய்ய வேண்டும். ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது. மற்றொன்று பிற நாட்டு மக்களை அறிந்துகொள்ள உதவுவது. கூட்டம் நடத்துதல், நடவடிக்கைக் குறிப்பு எழுதுதல், வரவு செலவுக் கணக்கு வைத்தல் ஆகியவற்றை மாணவர்கள் தாமே செய்து பழகுகின்றனர்.

18 வயதுக்கு மேற்பட்டோருக்கான ‘ரோட்டராக்ட்’ 1968-இல் தோன்றியது. முப்பது வயது என்றிருந்த உச்ச வரம்பு 2020-இல் நீக்கப்பட்டது. இளந்தலைவர்களுக்கான ‘ரைலா’ முகாம் 1959-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தொடங்கி, 1971-இல் இயக்கத்தின் அதிகாரபூர்வமான திட்டமாயிற்று. இது சில நாள்கள் உடன் தங்கிப் பெறும் பயிற்சி. பல பள்ளி, கல்லூரிகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, குழுவாக வேலை செய்து, பேசவும் கேட்கவும் முடிவெடுக்கவும் கற்கின்றனர். வழக்கமாகச் செலவைச் சங்கங்களே ஏற்பதால், வசதியற்ற மாணவரும் இதில் கலந்துகொள்ள வழி உண்டு.

நேர்மையும் பயிற்சியின் பகுதி. 1932-இல் நொடித்துப் போகும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றின் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் டெய்லர், தம் ஊழியர்க்காக நான்கு வினாக்களை வகுத்தார். சொல்வதும் செய்வதும் உண்மையானவையா, அனைவருக்கும் நியாயமானவையா, நல்லெண்ணத்தை வளர்ப்பனவா, அனைவருக்கும் பயன் தருவனவா என்பவை அவ்வினாக்களின் சாரம். 1943-இல் ரோட்டரி இவற்றை ஏற்றது.

வளர்ச்சி நோக்கில் தனிக் கவனத்திற்குரியது ‘ரோட்டரி சமுதாயக் குழு’. பிலிப்பைன்ஸ் நாட்டவரான எம்.ஏ.டி. காப்பராஸ் 1986-87-இல் தலைவராக இருந்தபோது, ‘ரோட்டரி கிராமக் குழு’ என்ற பெயரில் இது வளர்க்கப்பட்டது. ரோட்டரி உறுப்பினர் அல்லாத ஊர் மக்களே இதில் இடம்பெறுவர். தம் ஊரின் தேவை எது என்று அவர்களே முடிவு செய்வர். நகரச் சங்கம் அவர்களுக்குத் துணை நிற்கும். கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவினையை மாற்றி, ஊரிலேயே தலைமையை வளர்க்கும் முயற்சி இது. இந்தியாவில் இத்தகைய குழுக்கள் பெருமளவில் அமைந்துள்ளன.

குறைகளும் திருத்தங்களும்

சேவைச் சங்கங்களின் மீது கூறப்படும் குறைகளைப் புறக்கணிக்க இயலாது. முதலாவது, இவற்றின் உறுப்பினர்கள் பெரும்பாலும் நகரத்து வசதி படைத்தோர். ஏழை மக்களின் தேவையை அவர்கள் தம் கண்கொண்டே காணும் இடர்ப்பாடு உண்டு. இரண்டாவது, ஓராண்டுப் பதவியின் விளைவாக, அந்த ஆண்டிலேயே முடித்துத் திறப்பு விழா நடத்தக்கூடிய பணிகளுக்கே முதலிடம் கிடைக்கிறது. ஊட்டச்சத்து, முதியோர் கல்வி, நீர்நிலைப் பராமரிப்பு ஆகியவை பல ஆண்டுகள் தொடர வேண்டியவை. முன்னவர் தொடங்கியதைப் பின்னவர் கைவிட்டால் மக்களின் நம்பிக்கையும் குலைகிறது. மூன்றாவது, ஒரே ஊரில் பல சங்கங்களும் அரசுத் துறையும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே பணியைச் செய்வதும், தேவை மிகுந்த இடம் விடுபட்டுப் போவதும் உண்டு.

மகளிரை ஏற்பதில் நேர்ந்த தாமதம் மற்றொரு குறை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் 1970-களில் மகளிரைச் சேர்த்ததற்காக இயக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1987 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சங்கத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1989-இல் உலகெங்கும் மகளிர் உறுப்பினராக விதி திருத்தப்பட்டது. 2022-23-இல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் முதல் பெண் தலைவரானார். சேவை செய்யும் அமைப்பும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

அரசும் சங்கங்களும்

இந்த வரலாற்றிலிருந்து வளர்ச்சி அலுவலர் பெறத்தக்க பாடங்கள் சில உண்டு. சங்கம் நன்கொடை வழங்க முன்வரும்போது அதனை வாங்கிக்கொள்வதுடன் அலுவலரின் கடமை முடிவதில்லை. மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் கழிப்பறை இல்லை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவி இல்லை என்ற பட்டியலை முன்கூட்டியே சங்கங்களுக்கு வழங்கினால், பணம் தேவையுள்ள இடத்தைச் சென்றடையும். பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். ஊராட்சியையும் பயன்பெறும் மக்களையும் அம்முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுத் தலைவர் ஒருவருடன் மட்டும் பேசாமல், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான தலைவர்களையும் உடன் வைத்துப் பேசுவது தொடர்ச்சிக்கு வழிசெய்யும்.

சங்கங்களும் தம் தகுதியை அறிந்து செயல்பட வேண்டும். பணத்தைவிட அவற்றின் உறுப்பினரிடமுள்ள தொழில் அறிவே அரிய செல்வம். பொறியாளர் ஒருவர் கிராமத்துக் குடிநீர்க் குழுவுக்குப் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுத்தாலும், தணிக்கையாளர் ஒருவர் மகளிர் குழுவுக்குக் கணக்கெழுதக் கற்றுக்கொடுத்தாலும், அதன் பயன் திறப்பு விழாவுடன் முடிந்துவிடாது.

1917-இல் 26 டாலர் 50 சென்ட் வழங்கியவர்கள் அது எதுவரை வளரும் என்று அறிந்திருக்க மாட்டார்கள். அது வளர்ந்ததற்குக் காரணம், ஒரு குறிக்கோளைத் தேர்ந்து, ஆண்டுதோறும் தலைவர்கள் மாறியபோதும் அதனைக் கைவிடாமல் தொடர்ந்த உறுதி. 1985-இல் தொடங்கிய பணி, இந்தியாவில் பயன்தர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு காலம் பொறுமை காட்ட இயலுமானால், எழுத்தறிவு, தூய குடிநீர், தாய் சேய் நலம் ஆகிய துறைகளிலும் மக்கள் சங்கங்களும் அரசும் இணைந்து நிலையான பயன்களைக் காண இயலும். ‘எக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட வீட்டுக்கு மீண்டும் மீண்டும் சென்ற அந்தப் பணியாளர்களின் மனப்பான்மையே எல்லா வளர்ச்சிப் பணிக்கும் தேவையானதாகும்.